திருச்செந்தூர் பாதயாத்திரை: சுகர், பிபி, கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் வழிச் சாப்பாட்டை எப்படித் திட்டமிடலாம்? முழு விவரம்

மார்கழி பிறந்துவிட்டால் தூத்துக்குடி - திருச்செந்தூர் ரோட்டில் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் வரிசை கட்டத் தொடங்கிவிடும். முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று சுமார் 40 கிலோமீட்டர். தூத்துக்குடிக்காரர்களுக்கு இது ஒரு ராத்திரி, ஒரு பகல் நடை. கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசிப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு மூன்று, நான்கு நாள். வழியில் சத்திரம், பள்ளிக்கூடத் திண்ணை, பந்தல், கிடைத்த இடத்தில் சமையல், கிடைத்த இடத்தில் தூக்கம்.

இந்தக் கூட்டத்தில் சுகர் மாத்திரை டப்பா இல்லாத குழு இன்றைக்கு அனேகமாகக் கிடையாது. ஐசிஎம்ஆர் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானபோது இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. அதாவது பெரியவர்களில் சுமார் 11.4 சதவீதம். 30 பேர் நடந்தால் மூன்று பேர். நடுத்தர வயதுக்காரர்கள் அதிகம் உள்ள குழு என்றால் அதற்கும் மேலே.

எங்கள் பெரியப்பா அப்படி ஒருவர். 12 வருஷமாக சுகர். ஒரு தை மாதம் அதிகாலை 4 மணிக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "முக்காணியில போய் சாப்பிட்டுக்கலாம்"னு கிளம்பிவிட்டார். பழையகாயல் தாண்டுவதற்குள் சட்டை முழுக்க வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். கூட வந்தவர்கள் களைப்பு என்று நினைத்து உட்காரவைத்து, துண்டால் விசிறி, பச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள். குழுவில் இருந்த ஒரு ஆச்சிதான் சொம்பில் வைத்திருந்த பானகத்தை வாயில் ஊற்றினார். பத்து, பதினைந்து நிமிஷத்தில் மனிதர் பழைய நிலைக்கு வந்துவிட்டார். சரியாகிவிட்டது என்று நினைத்து நடந்தால், மதியம் மறுபடியும் அதே கிறுகிறுப்பு. ஏன் இரண்டாவது தடவை வந்தது என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே அப்போது தெரியாது.

நடந்தால் சுகர் குறையுமே, அப்புறம் என்ன பிரச்சினை?

குறைவதுதான் பிரச்சினை. 60 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சுமார் 50 கலோரி செலவாகும். 40 கிலோமீட்டர் என்றால் 2,000 கலோரி. சாதாரண நாளில் ஒருவர் நாள் முழுவதும் சாப்பிடுவதில் பெரும்பகுதி அது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அளவு, இந்த நடைக்கு அதிகமாகப் போய்விடலாம். நடையை நிறுத்திய பிறகும் தசைகள் ரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பகலில் நன்றாக இருந்தவருக்கு ராத்திரி தூக்கத்தில் சுகர் இறங்குவதும் உண்டு.

எல்லா மாத்திரைக்கும் ஒரே ஆபத்து கிடையாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சுகர் அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகைகள் வேறு மாதிரி. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை இவை. இவற்றின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். பெரியப்பாவுக்கு மதியம் இரண்டாவது தடவை இறங்கியதற்குக் காரணம் இதுதான்: பானகத்தின் சர்க்கரை தீர்ந்துவிட்டது, மாத்திரை தீரவில்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையோடு தண்ணீரையும் வெளியேற்றுபவை. வெயிலில் நடந்து, சரியாகச் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்தால் உடல் வறண்டு கீட்டோன் சேரும் ஆபத்து உண்டு. சுகர் மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலே இது நடக்கலாம் என்பது இதில் உள்ள வில்லங்கம்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது உங்கள் டாக்டரிடம் "நான் நடக்கப் போறேன், இத்தனை கிலோமீட்டர், இத்தனை நாள்" என்று சொல்லி, அந்த நாட்களுக்கு மட்டும் மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள், மருந்து கொண்டுவருபவரிடமே இதைக் கேட்கத் தொடங்கலாம்.

சுகர் இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன கொடுக்கணும்?

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பார்வை மங்கல், காரணமில்லாத கோபம், குழறல். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் சுகர் இறங்கிவிட்டது. 54-க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். மீட்டர் கையில் இல்லையென்றால் சந்தேகத்தின் பேரிலேயே சர்க்கரை கொடுத்துவிடலாம். அந்த நேரத்தில் ஒரு தடவை சுகர் ஏறுவதால் வரும் கெடுதல், இறங்கியதைக் கவனிக்காமல் விடுவதை விட மிகவும் குறைவு.

கொடுக்க வேண்டியது 15 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிஷம் பொறுத்து மறுபடியும் மீட்டர் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு இரண்டு இட்லியோ, பிஸ்கட்டோ, கொஞ்சம் சோறோ சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்து நடக்கணும். பெரியப்பா விட்டது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

கடலை மிட்டாய், சாக்லேட், லட்டு எல்லாம் இந்த அவசரத்துக்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைச் சரியான பிறகு சாப்பிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரலில் குத்திப் பார்க்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: பழம் உரித்த கை, பானகம் பட்ட கை, பஞ்சாமிர்தம் வாங்கிய கை என்றால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

வழியில் கொடுக்கிற அன்னதானத்தைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

பாதயாத்திரைப் பாதையில் கிடைப்பது பெரும்பாலும் சோறுதான். எலுமிச்சை சாதம், புளிசாதம், தக்காளி சாதம், தயிர் சாதம், சாம்பார் சாதம், இடையில் சர்க்கரைப் பொங்கல். ஒரு கப் சோறு, அதாவது சுமார் 150 கிராம், வயிற்றுக்குள் போனால் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பாக்குமட்டைத் தட்டு நிறையப் போடுகிற புளிசாதம் இரண்டு கப்புக்குக் குறையாது. நடந்துகொண்டே இருக்கிற மனிதருக்கு மாவுச்சத்து எதிரி இல்லை. ஒரேயடியாக 90 கிராம் உள்ளே போய், அதன்பிறகு ஆறு மணி நேரம் ஒன்றும் போகாமல் இருப்பதுதான் தொல்லை. ஒரு கப் சாப்பிட்டுவிட்டு, மீதியை டப்பாவில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். அதைத் தாண்டினால் வேண்டாம். கடலோரச் சூட்டில் மூடிவைத்த சோறு நாற்றம் வருவதற்கு முன்பே கெட்டிருக்கும். வயிற்றுப்போக்கு பிடித்தால் சுகர், பிபி, கிட்னி மூன்றுக்குமே சிக்கல்.

சாதத்தோடு கொஞ்சம் பருப்பு வகை சேர்ந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், பசியும் தாங்கும். மாலை போட்டிருப்பதால் முட்டை, மீன் கிடையாது. அப்போ புரதத்துக்கு என்ன வழி? பொரிகடலைதான் என் முதல் ஓட்டு. கெடாது, நசுங்காது, இடுப்புப் பையில் கிடக்கும், எந்த ஊர் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வறுத்த வேர்க்கடலையும் சரி. சுண்டல் அன்றன்றைக்கு அவித்தது மட்டும். மோர் நல்லது, ஆனால் பந்தலில் ஊற்றுகிற மோரில் உப்பு எவ்வளவு என்று நாக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஒரு பழக்கத்தை மாற்றியே ஆகணும். வீட்டில் ஊசி போட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் சாப்பாடு வந்துவிடும். அன்னதான வரிசையில் அந்த உத்தரவாதம் இல்லை. திருச்செந்தூர் கோயிலில் 2021 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. கூட்ட நாளில் பந்தி கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. இலையில் சோறு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசியை எடுப்பதுதான் பாதுகாப்பு. இதையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி சுகருக்கு நல்லதுதானே?

இந்தக் கடற்கரையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: இல்லை.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்துக்கும் ருசிக்கும் அந்தப் பெருமை தகும். ஆனால் வேதியியல் கணக்கில் கருப்பட்டியின் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். சில தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம்; அதற்காகச் சுகர் ஏறாமல் இருக்காது. சில்லுக்கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாமே இதே கணக்கு. பதநீரில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஒரு பெரிய டம்ளர் குடித்தால் ஒரு குளிர்பான பாட்டிலுக்குச் சமம்.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். சுகர் இறங்கிய அவசரத்தில், சீனி இல்லையென்றால், கருப்பட்டியைத் தட்டிக் கரைத்துக் கொடுத்தால் அது மருந்து. ஆச்சி கொடுத்த பானகம் வேலை செய்ததற்கும் அதே சுக்ரோஸ்தான் காரணம். எனவே ஒரு துண்டு பையில் இருக்கட்டும், டீயில் வேண்டாம்.

பிரசாத விஷயத்தில் மனசு கேட்காதவர்கள் பஞ்சாமிர்தத்தை அரை ஸ்பூன் நாக்கில் வைத்துக்கொண்டு மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். திருச்செந்தூருக்கே உரிய பன்னீர் இலை விபூதிக்கு மாவுச்சத்துக் கணக்கு கிடையாது.

குழுவுக்கு ஒரே சமையல். எனக்கு மட்டும் தனியாகச் செய்வார்களா?

செய்யமாட்டார்கள், கேட்கவும் கூச்சமாக இருக்கும். ஆனால் தனிச் சமையல் தேவையில்லை. 50 பேருக்குச் சமைக்கிற அண்டாவில் இருந்து மூன்று இடங்களில் மட்டும் பிரித்தால் போதும்.

முதலாவது உப்பு. சாம்பாரோ கூட்டோ வெந்ததும், உப்புப் போடுவதற்கு முன்னால், பிபிக்காரருக்கும் கிட்னிக்காரருக்கும் ஒரு தூக்கில் எடுத்துவைத்துவிடலாம். சமையல்காரருக்கு இதில் கூடுதல் வேலை அரை நிமிஷம். இரண்டாவது இனிப்பு. டீ போடும்போது சீனி சேர்க்காமல் முதலில் தேவையான டம்ளர்களை ஊற்றிவிடுவது. மூன்றாவது நேரம். குழு சாப்பிட 9 மணி ஆகும் என்றால், மாத்திரை போட்டவருக்கு 7 மணிக்கு நாலு இட்லி கையில் இருக்கணும். இட்லிக்கு எண்ணெய் மிளகாய்ப்பொடி தடவி வைத்தால் காலையில் செய்தது மதியம் வரை தாங்கும். சப்பாத்தியும் அப்படித்தான், தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் குருசாமியிடமும் சமையல்காரரிடமும் சொல்லிவிடுங்கள். அதிகாலை 3 மணிக்கு அடுப்புப் பற்றவைத்த பிறகு சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், அதாவது சீலியாக் நோய் உள்ளவர்கள், நம் ஊரில் குறைவு. ஆனால் அவர்கள் வழக்கமாக ஏமாறுவது ஒரே இடத்தில்: பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர், எலுமிச்சை சாதம் என்று சோற்று வகையையே சாப்பிட்டும் வயிறு கெடுகிறதே என்று குழம்புவார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு நடக்கணுமா?

இரண்டு மூன்று நாள் நடைக்குத் தேவையில்லை. திறக்காத பாட்டிலைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். பயன்படுத்தத் தொடங்கிய பாட்டிலோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று உள்ளே இருக்கும் சீட்டில் இருக்கும். மார்கழி, தையில் நிழலில் இது சமாளிக்கக்கூடிய சூடுதான். கெடுப்பது எது தெரியுமா? வெயிலில் நிறுத்திய வேனின் டேஷ்போர்டு. அதற்கடுத்து, ஐஸ் கட்டியை ஒட்டிவைத்துப் பாட்டிலை உறையவிடுவது. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.

ஈரமண் பானைக்குள் வைக்கும் பழைய முறை நல்ல முறைதான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஆனால் அது கோவில்பட்டிக் கரிசல் காட்டின் வறண்ட காற்றில் வேலை செய்கிற அளவுக்குக் காயல்பட்டினக் கடற்கரையில் செய்யாது. காற்றிலேயே ஈரம் அதிகம், பானை ஆவியை விடாது.

தரிசன வரிசையில் என்ன கவனிக்கணும்?

நடந்து வந்து சேர்ந்தவர்கள் பலர் முதலில் செய்வது கடல் குளியல், பிறகு நாழிக்கிணறு, பிறகு வரிசை. அதாவது மாத்திரை போட்டு, வெறும் வயிற்றோடு, அலையில். சுகர் இறங்கிக் கிறுகிறுப்பு வருவதற்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. குளிப்பதற்கு முன் ஒரு தடவை மீட்டர் பாருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். கால் மரத்துப்போனவர்கள் மதிய மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சுட்டது தெரியாது, மறுநாள் கொப்புளம் தெரியும்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு, 2022 நவம்பரில் இருந்து திருச்செந்தூர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கையில் ஒட்டுகிற சென்சார் மூலம் போனில் சுகர் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியமான தகவல். போன் வெளியே இருந்தால் எண் தெரியாது, எச்சரிக்கை மணியும் அடிக்காது. வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கலாம். பழைய விரல்குத்து மீட்டர், குளுக்கோஸ் பொட்டலம், ஒரு கைப்பிடி பொரிகடலை, தண்ணீர். இவை மடியில் இருந்தால் நிம்மதி.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் கோயிலிலேயே தங்கி விரதம் இருக்கலாமா?

பாதயாத்திரையை விடக் கடினமான கேள்வி இது. ஐப்பசியில் ஆறு நாளும் கோயில் வளாகத்துக் கொட்டகைகளில் தங்கி, சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு, திருக்கல்யாணம் முடிந்துதான் பலர் ஊர் திரும்புவார்கள். சிலர் ஒருவேளைச் சாப்பாடு, சிலர் பால் பழம், சிலர் இளநீர் மட்டும், சிலர் மிளகு மட்டும்.

சுகர் நோயாளிக்கு இவை நான்கும் நான்கு வேறு விஷயங்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மருந்து நேரத்தை மாற்றி அமைக்க முடியுமா என்று டாக்டர் யோசிப்பார். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து, சுகர் கட்டுப்பாட்டில் இருப்பவருக்குப் பால் பழத்துக்கும் வழி இருக்கலாம். மிளகு விரதம், இன்சுலின் போடுகிறவருக்கும் கிளிமிபிரைடு எடுப்பவருக்கும் நேரடி ஆபத்து. இன்சுலினையே நிறுத்திவிட்டு விரதம் இருக்கலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்து, முக்கியமாக டைப் 1 உள்ள இளைஞர்களுக்கு.

இதில் பக்கத்து ஊரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. காயல்பட்டினத்தில் ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கு உலக அளவில் எழுதப்பட்ட மருத்துவ வழிகாட்டுதல் உண்டு; சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதில் பங்கெடுத்திருக்கிறது. யார் நோன்பு வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்று அது ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்கிறது. சுகர் 70-க்குக் கீழே போனாலும், 300-க்கு மேலே போனாலும் அந்த நிமிஷமே நோன்பை முடித்துவிடச் சொல்கிறது. மீட்டரில் விரல் குத்துவதால் நோன்பு முறியாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. சஷ்டிக்கு அப்படி எழுதிவைத்த வழிகாட்டுதல் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் உடம்பு ஒன்றுதான். 70, 300 என்ற அந்த இரண்டு எண்களைச் சஷ்டி விரதக்காரரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பிபி உள்ளவர்களுக்கு உப்பு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, சுமார் ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. உப்பளத்துக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். வழிச் சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: ஊறுகாய், அப்பளம், வற்றல், புளிக்காய்ச்சல், மிக்சர். சோற்றில் இருப்பதைக் குறைக்க முடியாது, தொட்டுக்கொள்வதைக் குறைக்கலாம்.

அதற்காக உப்பே வேண்டாம் என்று ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. வியர்த்துக்கொட்டும் நாளில், சிறுநீர் போகச் செய்யும் பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு உப்பும் தண்ணீரும் சேர்ந்து குறைந்து, எழுந்தவுடன் கண் இருட்டும். அந்த மாத்திரை உங்கள் சீட்டில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

களைப்புக்கு வாங்கிக் குடிக்கிற பானங்களில் ஒரு குழப்பம் இருந்தது. உண்மையான ஓஆர்எஸ் பாக்கெட்டில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சுகர்காரரும் வயிற்றுப்போக்கின்போது குடிக்கலாம். அதே பெயரைத் தாங்கி அட்டைப் பெட்டியில் வந்த பழ ருசிப் பானங்களில் பல மடங்கு சர்க்கரை. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அந்தச் சூத்திரத்தில் இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. மெடிக்கலில் பொடியாகக் கேட்டு வாங்குங்கள்.

கிட்னி நோயாளிகள் இளநீர் குடிக்கலாமா?

நடக்கிறவரைப் பார்த்தால் யாராவது இளநீர் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அன்புதான், ஆனால் கிட்னி பழுதானவருக்கு அது ஆபத்து. 100 மில்லி இளநீரில் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காயில் 300 மில்லி இருந்தால் 600-ஐத் தாண்டும். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், சில சமயம் நின்றேவிடும். வாழைப்பழமும் அதே வகை. நடுத்தர அளவுப் பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேல். ஆக, வழிநெடுகக் கிடைக்கும் "ஆரோக்கியமான" இரண்டு பொருளும் இவர்களுக்குக் கிடையாது.

இன்னொரு பொறி, பிபிக்கு நல்லது என்று விற்கும் குறைந்த சோடியம் உப்பு. சோடியத்தின் இடத்தில் அதில் இருப்பது பொட்டாசியம். 2025-ல் இந்த உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தது. குழுவில் ஒருவருக்கு நல்லது என்று கொண்டுவந்த டப்பா இன்னொருவரின் குழம்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்கறியைத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தண்ணீரின் அளவிலும் கட்டுப்பாடு உண்டு. நடந்து வியர்ப்பதை வைத்து அதை எவ்வளவு தளர்த்தலாம் என்பது சிறுநீரக மருத்துவர் சொல்ல வேண்டியது. அவர்கள் 40 கிலோமீட்டர் நடப்பதை விட, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் வண்டியில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருவதே நல்லது என்பது என் கருத்து.

நாள்கணக்கில் கடலில் தங்குகிற மீனவர்களுக்கு?

இதே கடற்கரையில், பக்திக்காக இல்லாமல் பிழைப்புக்காகத் தினமும் வெளியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்தில் இருந்து தங்குகடல் போகும் படகுகளில், அரிசி, மளிகை, ஐஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார்கள். அங்கே சுகர் உள்ளவருக்குச் சாப்பாட்டில் பாதி வசதி: பச்சை மீன் குறைவில்லாமல் கிடைக்கும். மீதிப் பாதி தொல்லை: குவித்துப்போட்ட சோறு, தூக்கம் விரட்டச் சீனி அள்ளிப்போட்ட கட்டன் டீ, உப்பேறிய கருவாடு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து மீனில் இரண்டு துண்டைக் கூட்டினாலே பெரிய மாற்றம். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் சாளையையும் நெத்திலியையும் விட்டு வேறு மீனுக்குப் போகலாம். ராத்திரி வலை இழுக்கும் வேலை நடையைப் போலத்தான் சர்க்கரையைச் செலவழிக்கும்; இழுக்கத் தொடங்கும் முன் ஏதாவது சாப்பிட்டிருக்கணும்.

மருந்தை எண்ணி எடுத்துப்போவது இங்கே செல்லாது. 2023 அக்டோபரில் தருவைகுளத்துப் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்துக்கொண்டு போனது. அதில் 12 மீனவர்கள். எஞ்சின் பழுது, புயல், காற்று என்று மற்ற காரணங்களும் உண்டு. எத்தனை நாள் திட்டமோ, மருந்து அதைப்போல இரண்டு மடங்கு, தண்ணீர் புகாத டப்பாவில். இன்சுலின் பாட்டிலை மீன் அறை ஐஸுக்குள் புதைக்கவே கூடாது, உறைந்துவிடும். எஞ்சின் பக்கமும் வேண்டாம். டிரைவர் அறையின் நிழலான மூலையில், துணி சுற்றி வைக்கலாம். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று டப்பாவுக்குள்ளும், இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும். அந்த டப்பா எங்கே இருக்கிறது, அதில் குளுக்கோஸ் எது என்று படகில் குறைந்தது இன்னொருவருக்காவது தெரிந்திருக்கணும்.